இருபத்தைந்து நாள் இருமல்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பொங்கல் வேலையெல்லாம் முடித்து இந்தக் குளிரில் ஒத்தக்கடை மந்தையில் வந்து உட்கார்ந்திருக்கும் பெரியவர்களே, தாய்மார்களே, வணக்கம்.

'குழந்தையின் நெஞ்சுச்சளி இருமலுக்குக் கைகொடுப்பது கைமருந்தா, ஆன்டிபயாடிக்கா?' என்பது தலைப்பு. கைமருந்தே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய அண்ணன், 1928-இல் ஃபிளெமிங் பென்சிலினைக் கண்டுபிடித்திருக்காவிட்டால் எத்தனை பிள்ளைகளை இழந்திருப்போம் என்று கேட்டார். நியாயமான கேள்வி. நிமோனியாவுக்கும் கக்குவான் இருமலுக்கும் அந்த மருந்துகள் வேண்டும். ஆனால் இன்றைக்கு வழக்கு அதுவல்ல. சளி பிடித்து இரண்டு நாளில் மூச்சுக்குழல் வீங்கி, நெஞ்சில் கர்கர் என்று சத்தம் கேட்கிறதே, அந்த இருமல்தான் வழக்கு. அது பெரும்பாலும் வைரஸால் வருவது. ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைக் கொல்லும், வைரஸை ஒன்றும் செய்யாது. எலிப்பொறியில் கொசு விழுமா?

சரி, என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மூன்று வருஷத்துக்கு முந்தைய மார்கழி. மகளுக்கு நாலு வயது. இருமல் தொடங்கிய மூன்றாம் நாளே ஒரு மருந்துக் கடையில் போய் நின்றேன். சீட்டு கேட்காமலே ஆன்டிபயாடிக் பாட்டிலைக் கொடுத்தார்கள். பாட்டிலைத் தட்டி அடியில் இருந்த பொடியை உதிர்த்து, கோடு வரைக்கும் ஆறிய வெந்நீர் ஊற்றி, குலுக்கி, மூடியில் அளந்து புகட்டினேன். நாலாம் நாள் வயிற்றுப்போக்கு. இருமல் மட்டும் அப்படியே இருந்தது. பயந்துபோய் நிறுத்திவிட்டு, மிச்சத்தை ஃப்ரிட்ஜ் கதவில் வைத்தேன், அடுத்த இருமலுக்கு ஆகுமே என்று. நடுவர் அவர்களே, இங்கே இருக்கும் எத்தனை வீட்டு ஃப்ரிட்ஜில் அப்படிப் பாதி பாட்டில் நிற்கிறது?

அப்புறம்தான் குழந்தை டாக்டரிடம் போனோம். அவர் சட்டையைத் தூக்கி நெஞ்சையே பார்த்துக்கொண்டு, கடிகாரம் வைத்து ஒரு நிமிஷம் முழுக்க மூச்சை எண்ணினார். "இருபத்தெட்டு. விலா உள்ளே இழுக்கலை. இதுக்கு ஆன்டிபயாடிக் வேண்டாம்மா. ஆனா இருமல் மூணு வாரம்கூட இருக்கும்" என்றார். மூணு வாரம்! அதை அதுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நாலாம் நாளும் இருமினால் மருந்து பத்தவில்லை என்று அடுத்த பாட்டிலுக்கு ஓடுகிறோம். 2013-இல் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு இருமல் அடங்க 25 நாள் ஆவது தெரிந்தது. மூச்சுக்குழல் அழற்சிக்கு ஆன்டிபயாடிக் கொடுத்த ஆய்வுகளில் மிச்சமானது ஏறக்குறைய அரை நாள். அரை நாளுக்காகவா பிள்ளையின் வயிற்றைக் கெடுப்பது?

அந்த 25 நாளையும் பிள்ளை படுத்து உறங்கிக் கடக்க வேண்டுமே, அங்கேதான் கைமருந்து வருகிறது. என் மாமியார் கற்பூரவல்லி இலையைத் தணலில் வாட்டுவார். இலை துவண்டு பச்சை வாசம் எழும்பும்போது உள்ளங்கையில் வைத்துப் பிழிந்து, நாலு சொட்டுச் சாற்றைத் தேனில் குழைத்துப் படுக்கும் நேரத்தில் நாக்கில் தடவுவார். மதியம் தூதுவளை ரசம். கீழமாசி வீதி நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய அதிமதுரம் ஒரு துண்டு.

ஆதாரம் எங்கே என்றார் எதிரணித் தங்கை. இங்கிலாந்தில் 2019-இல் வந்த மருத்துவ வழிகாட்டுதல், ஒரு வயது தாண்டிய பிள்ளைகளின் இருமலுக்குத் தேன் கொடுத்துப் பார்க்கச் சொல்கிறது. ஆன்டிபயாடிக்கை வழக்கமாகக் கொடுக்காதே என்கிறது. இன்னொன்று. ஆடாதோடையில் இருக்கும் வாசிசின் என்ற பொருளை வைத்துத்தான் புரோம்ஹெக்சின் என்ற சளி இளக்கும் மருந்து வந்தது, அதிலிருந்து ஆம்ப்ராக்சால் என்ற இன்னொன்று. தங்கை வீட்டு இருமல் சிரப்புக்கு நம் வேலியோரச் செடிதான் பாட்டி!

கைமருந்துக்கும் கட்டுப்பாடு உண்டு, அதையும் என் அணியே சொல்லட்டும். ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது. சூடம் கரைத்த எண்ணெயைக் கைக்குழந்தைக்குத் தடவாதீர்கள், வலிப்பு வரும். சாம்பிராணிப் புகையும் வேண்டாம். ஒன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைக்கு நிமிஷத்துக்கு 40, அதற்குக் கீழே இரண்டு மாதம் வரை 50, இந்த எண்ணிக்கையை மூச்சு தொட்டாலோ, விலா உள்வாங்கினாலோ, பிள்ளை பால் குடிக்க மறுத்தாலோ கஷாயம் வைத்துக்கொண்டிருக்காதீர்கள். ராத்திரி இரண்டு மணியானாலும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். இரண்டு மாதம் நிறையாத சிசுவுக்கு இருமல் என்றாலே டாக்டர்தான்.

அண்ணன் சொன்ன அதே ஃபிளெமிங், 1945-இல் நோபல் பரிசு உரையில், அளவு குறைத்துச் சாப்பிட்டால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும் என்று எச்சரித்தார். 2019-இல் மட்டும், மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவால் உலகில் சுமார் 12.7 லட்சம் பேர் இறந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். நாளைக்கு ஒரு பிள்ளைக்கு நிஜமாகவே நிமோனியா வரும்போது அந்த மருந்து வேலை செய்ய வேண்டாமா?

மணி அடித்துவிட்டீர்கள், முடித்துக்கொள்கிறேன். என் மகளுக்கு இருமல் நின்றது 22-ஆம் நாள். கைமருந்துதான் நிறுத்தியது என்று சொல்ல மாட்டேன், அது தானாக நின்றது. ஆனால் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த பிறகு அத்தனை ராத்திரியும் தேனை நக்கிவிட்டு என் மடியில் தூங்கினாள். நான் இரண்டாவது பாட்டிலுக்குக் கடைப்படி ஏறவில்லை. அந்த ராத்திரிகளை நினைத்துத் தீர்ப்புச் சொல்லுங்கள், நடுவர் அவர்களே. வணக்கம்.