பௌர்ணமி இரவில் மிதந்த சிலிப்பர்

வணக்கம், நேயர்களே. சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்திருக்கிறேன். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைக் கடற்கரை முகாமுக்குக் கூட்டிப்போவது என் பழைய பைத்தியம். ரப்பர்த் தோட்டத்துப் பால் மரத்தடியில் வளர்ந்த பிள்ளைகள் அட்டைக்கும் பாம்புக்கும் அசர மாட்டார்கள். கடல்தான் அவர்களுக்குப் புதிது. எனக்கும் அப்படித்தான் இருந்தது.

முதல் முகாம் பந்தாய் கெராச்சுட் கடற்கரையில். பினாங்குத் தீவின் வடமேற்கு மூலை; 2003-இல் தேசியப் பூங்காவாக அறிவித்த இடம். தெலுக் பஹாங்கிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு மேல் காட்டில் ஏறி இறங்க வேண்டும். அரிசி மூட்டையைத் தூக்கியவனைக் கேட்டால் முப்பது என்பான்.

சாயங்காலம் ஏழு மணி. கடல் எங்கேயோ உள்ளே போயிருந்தது. எவ்வளவு மணல்! பந்து விளையாடலாம் போல இருந்தது. சரி என்று அங்கேயே கூடாரம் அடித்தோம். சார்டின் சம்பலும் சோறும் சாப்பிட்டுப் படுத்தாயிற்று. இரவு ஒரு மணிக்கு ஒரு பொடியன் என் காலை உலுக்குகிறான்: “சார், என் சிலிப்பர் மிதக்குது!”

சிலிப்பர் மட்டுமா? சோற்றுக் குண்டான் தெப்பம் மாதிரி போய்க்கொண்டிருக்கிறது, மேலே முழு நிலா. கோயில் பூசைக்குப் பௌர்ணமி எப்போது என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வோம். முகாமுக்கு நாள் குறித்தபோது காலண்டரைப் புரட்ட ஒருவருக்கும் தோன்றவில்லை.

கடல் இறங்கி முடிந்து ஏறி முடிய ஏறக்குறைய ஆறு மணி நேரம். மறுநாள் அதே ஏற்றம் சுமார் 50 நிமிடம் தள்ளி வரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நிலவும் சூரியனும் ஒரே கோட்டில் நின்று இழுப்பதால் தண்ணீர் மற்ற நாளைவிட மேலே ஏறும். மறுபடியும் சொல்கிறேன், அமாவாசை, பௌர்ணமி. நம் வீட்டுக் காலண்டரிலேயே வட்டம் போட்டிருக்கும்.

போனதும் முதலில் மணலைப் பாருங்கள். குச்சி, பாசி, பிளாஸ்டிக் போத்தல் எல்லாம் கோடு போட்ட மாதிரி ஒதுங்கிக் கிடக்கும். கடைசியாகக் கடல் வந்து போன இடம் அதுதான். அதற்கு மேலே அடும்பங்கொடி படர்ந்திருந்தால் இன்னும் நல்லது. ஊதாப் பூ, மான் குளம்பு போலப் பிளந்த இலை. அந்தக் கொடிக்கும் பின்னால் கூடாரத்தை அடியுங்கள். இப்போதெல்லாம் என் பிள்ளைகள் பையை இறக்குமுன் கொடியைத்தான் தேடுகிறார்கள்.

ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு விரலைக் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தான் பாக்கியாம். பாறை ஏறுவது, கயாக் எல்லாம் சொல்ல வைத்திருந்தேன்... ஈரப் பாறையில் சிலிப்பரோடு ஏறாதீர்கள், அது போதும். அதே பூங்காவின் முக்கா ஹெட் முனையில் 1883-இல் கட்டிய கலங்கரை விளக்கம் இருக்கிறது. அது தனிப் பாதை, தனி நாள் வேண்டும். அப்புறம், கெராச்சுட்டில் ஆமை முட்டையிட வரும். இரவில் கடலோரம் டார்ச் அடிக்காதீர்கள். ஜெல்லி மீன் உண்டு, அங்கே குளிக்க வேண்டாம். புறப்படுமுன் பூங்கா அலுவலகத்தில் பதிந்துகொள்ளுங்கள்.

குண்டான் கிடைத்ததா என்று கேட்பீர்கள். கிடைத்தது. மூடிதான் போயிற்று. வணக்கம்.