கேள்வி யாருடையது?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ‘கல்லூரி மாணவருக்கு உண்மையான கல்வியைத் தருவது வகுப்பறையா, சொந்தத் தேடலா?’ என்பது தலைப்பு. சொந்தத் தேடலே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவி அருமையாகப் பேசினார். ஆனால் நாங்கள் சொல்லாத ஒன்றுக்குப் பதில் சொல்லிவிட்டு அமர்ந்திருக்கிறார். ஆசிரியரே வேண்டாம் என்று எங்கள் அணியில் யார் சொன்னது? ஆசிரியர் இருக்கட்டும், வகுப்பும் நடக்கட்டும். கேள்வி மட்டும் மாணவனுடையதாக இருக்க வேண்டும் என்கிறோம். இப்போது கேள்வி எங்கிருந்து வருகிறது? தேர்வுக்கு முந்தின ராத்திரி ‘இம்பார்ட்டண்ட்’ என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வருகிறது!

1880-இல் கும்பகோணம் கல்லூரிக்குத் தமிழாசிரியராக வந்தார் உ.வே.சாமிநாதையர். வயது 25. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர். அந்தக் காலத்தில் அதைவிடப் பெரிய பட்டம் கிடையாது. ஊருக்கு முன்சீபாக, அதாவது உரிமையியல் நீதிபதியாக, வந்த சேலம் இராமசுவாமி முதலியார், என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். அந்தாதி, உலா, கோவை, புராணம் என்று இவர் அடுக்கினார். முதலியார் அசரவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா? இல்லை. சிலப்பதிகாரம்? மணிமேகலை? இல்லை.

வேறொருவராக இருந்தால், ‘இந்த முன்சீபுக்கு என்ன தெரியும்’ என்று வீட்டுக்குப் போயிருப்பார். இவர் அந்தக் கேள்வியைத் தன்னுடையதாக்கிக்கொண்டார். நூல் கைக்கு வந்தும் பொருள் பிடிபடவில்லை. கேட்கலாம் என்றால் குருவும் உயிரோடில்லை. அதே ஊரில் சிந்தாமணியை மரபாகப் பாடம் கேட்டுவந்த சமணர்கள் இருந்தார்கள். கல்லூரி வாத்தியார் அவர்கள் வீடு தேடிப் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டார். 1887-இல் சிந்தாமணியை அச்சில் கொண்டுவந்தார். பிள்ளையவர்களிடம் படித்திராவிட்டால் அவரால் அந்த நூலில் நுழைந்திருக்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் படிப்போடு நின்றிருந்தால் நமக்குத் தமிழ்த் தாத்தா கிடைத்திருக்க மாட்டார்.

இராமானுஜன் கணக்கையே கட்டிக்கொண்டு உட்கார்ந்ததால் உதவித்தொகை போயிற்று, எஃப்.ஏ. என்ற அந்தக் காலக் கல்லூரித் தேர்விலும் தோற்றார் என்று எதிரணியினர் பயமுறுத்தினார்கள். உண்மைதான். ஆனால் அவர் கையில் இருந்த புத்தகம் என்ன தெரியுமா? கார் என்ற ஆங்கிலேயர், மாணவர்களைத் தேர்வுக்குத் தயார்செய்த ஒரு தனிப்பயிற்சி ஆசிரியர், தொகுத்த புத்தகம். ஆயிரக்கணக்கான சூத்திரங்கள்; நிரூபணம் பேருக்குத்தான். நம்மூர்க் கணக்கில் அது ஒரு கைடு, நடுவர் அவர்களே! அந்தக் கைடை வைத்துக்கொண்டு, இது எப்படி வந்தது என்று தானே போட்டுப் பார்த்தார் அவர். 1913-இல் கேம்பிரிட்ஜ் கணித மேதை ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அடுத்த ஆண்டு கேம்பிரிட்ஜ் போனார். தானாகக் கற்றவர்தான் ஆசிரியரைத் தேடிக் கடல் தாண்டினார். வகுப்பில் தூங்கியவர் எந்த ஆசிரியரைத் தேடினார்?

அவர் மேதை, நமக்கு ஒத்துவராது என்பார்கள். சரி, மேதைகளை விடுவோம். சென்னை வேளச்சேரியில் குடியிருக்கும் ஒரு சிவில் இன்ஜினியரிங் மாணவி என்று வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலம் வந்தால் தெருவில் தண்ணீர். திறந்த கால்வாயில் நீர் ஓடும் வேகத்தைக் கணக்கிடும் மானிங் சூத்திரம் அவள் பாடத்திலேயே இருக்கிறது. தேர்வில் கால்வாயின் சரிவு, அகலம் எல்லாம் கேள்வியிலேயே கொடுத்துவிடுவார்கள். தெருக் கால்வாயில் யார் கொடுப்பார்கள்? கொத்தனாரிடம் மட்டம் பார்க்கும் டியூப் லெவல் கடன் வாங்கி அவளே அளக்க வேண்டும். பாட்டிலும் சேறும் அடைத்த கால்வாய்க்கு எந்தச் சொரசொரப்பு எண்ணைப் போடுவது? தேர்வுக் கணக்கில் அந்த எண்ணையும் கொடுத்துவிடுவார்கள். இப்போது அவள் பேராசிரியர் அறைக்குப் போகிறாள், இன்டர்னல் மார்க்குக்காக அல்ல. அவருக்கும் அன்றைக்குக் கொஞ்சம் உற்சாகம் பிறக்கும்! அப்புறம் 10 ரூபாய் கட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மாநகராட்சியிடம் அந்தக் கால்வாயின் வரைபடத்தைக் கேட்கலாம். தண்ணீர் எங்கே போக வேண்டும் என்று பழைய வரைபடத்தில் தேடினால் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு வந்து நிற்பாள். அது எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று அவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று எதிரணி கேட்டது. நியாயமான கேள்வி. இரண்டு பஸ் மாறி வந்து, சாயங்காலம் கடையில் வேலை பார்க்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அதனால்தான் ஊரையே படி என்று நான் சொல்லவில்லை. செமஸ்டருக்கு ஒரே ஒரு கேள்வி போதும். ஐஐடி பேராசிரியர்களின் பாடங்கள் என்பிடெல் இணையதளத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன, கோட்டூர்புரத்தில் அண்ணா நூலகம் இருக்கிறது. கேள்வி இல்லாமல் போனால் இரண்டிலும் தூக்கம்தான் வரும், ஏசி வேறு.

மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே, முடித்துவிடுகிறேன். அடுத்துப் பேச வரும் எதிரணித் தம்பிக்கு ஒரே ஒரு வேண்டுகோள். தேர்வுக்கு வராது என்று தெரிந்தும் இந்த செமஸ்டரில் நீங்கள் விரும்பிப் படித்தது எது? அதைச் சொல்லிவிட்டு உங்கள் வாதத்தைத் தொடங்குங்கள். பதில் இருந்தால் நீங்கள் எங்கள் அணி. இல்லையென்றால் தீர்ப்பை நடுவரிடமே விட்டுவிடுகிறேன்.