சுவர் மலையில், சித்திரம் நகரில்

அவைத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் பேராசிரியர் ஐயா அவர்களே, இந்தக் கூடத்தை நமக்குத் திறந்துவிட்ட நூலக அம்மா அவர்களே, எனக்கு முன் அருமையாகப் பேசி அமர்ந்த அருட்தந்தை அவர்களே, மழையையும் பார்க்காமல் வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, முன்வரிசை மாணவச் செல்வங்களே, எல்லோருக்கும் வணக்கம்.

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பார்கள் நம் பெரியவர்கள். ஸ்பெயினின் வடக்கே, பிரெனீஸ் மலையில், ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் தாவுல் என்றொரு சிற்றூர். அங்கே சுவர் அப்படியே நிற்கிறது, சித்திரம்தான் ஊரைவிட்டுப் போய்விட்டது. அந்த ஊரின் புனித கிளமென்ட் தேவாலயத்தைப் பற்றி மூன்று செய்திகள் சொல்ல வந்தேன்: வரலாறு, கட்டடம், சுவரைவிட்டுப் போன சித்திரம்.

1123-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் நாள் ரோடா மறைமாவட்ட ஆயர் ரமோன் இங்கே வந்து ஆலயத்தை அர்ச்சித்து வழிபாட்டுக்கு உரியதாக்கினார். இது செவிவழிச் செய்தி இல்லை, ஆலயத் தூண் ஒன்றிலேயே இலத்தீனில் எழுதிவைத்தார்கள். மறுநாளே அதே ஊரில் புனித மரியாள் ஆலயத்தையும் அர்ச்சித்தார். இத்தனை சின்ன ஊரில் அடுத்தடுத்த நாளில் இரண்டு ஆலயங்கள்! பின்னால் நின்று செலவு செய்தவர்கள் எரில் என்ற குறுநிலப் பிரபுக் குடும்பத்தார்.

கட்டடம் எளிமையானது. உள்ளே மூன்று நெடுங்கூடங்கள், அவற்றைப் பிரிக்கும் உருண்டைக் கல்தூண்கள், மேலே மரக்கூரை. கிழக்கே அரைவட்டமாக மூன்று பலிபீட மாடங்கள். பக்கத்தில் சதுரமாக ஆறு அடுக்கு மணிக்கோபுரம். வடக்கு இத்தாலியின் லொம்பார்டிப் பாணி அது. தாவுல் இருக்கும் பள்ளத்தாக்கின் ஒன்பது ஆலயங்களை 2000-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்றது.

சரி, சித்திரம் எங்கே போனது? இதை விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். 1919-இல் அதே மலைப்பகுதியில் மூர் என்ற ஊரின் ஆலய ஓவியத்தை ஒரு வணிகர் விலைபேசி வாங்கினார். இத்தாலியிலிருந்து ஆட்களை வரவழைத்து உரித்தெடுத்தார். அது கடல் கடந்து அமெரிக்காவின் பாஸ்டன் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த வட்டாரத்தின் தலைநகரான பார்சிலோனா பதறியது. மிச்சமாவது கைவிட்டுப் போகக்கூடாதென்று அந்நகர அருங்காட்சியக வாரியம் அதே இத்தாலியரையே அமர்த்தியது. எப்படி உரித்தார்கள் தெரியுமா? ஓவியத்தின்மேல் விலங்குப் பசை தடவித் துணியை ஒட்டினார்கள். பசை காய்ந்து இறுகியதும் துணியைப் பிடித்து மெல்ல மெல்ல இழுத்தார்கள். சுவரின் வண்ணத் தோல் துணியோடு வந்துவிட்டது! அதைப் பாய்போலச் சுருட்டிக் கோவேறு கழுதை முதுகில் ஏற்றி மலையிறக்கினார்கள். 1919 முதல் 1923 வரை இந்த வேலை நடந்தது. தாவுலில் உலகின் ஒளியாக அமர்ந்த கிறிஸ்து பார்சிலோனா அருங்காட்சியகத்துக்குப் போனார். அவரோடு, விவிலியக் கதையில் செல்வந்தன் வாசலில் புண்ணோடு கிடக்கும் ஏழை லாசரும், அவன் காலை நக்கும் நாயும் போயின. எண்ணூறு ஆண்டுகள் அந்த ஊர் ஆலயச் சுவரிலேயே இருந்த நாய் அது.

அந்த வாரியத்தை நான் குறைசொல்ல மாட்டேன். அவர்கள் எடுக்காவிட்டால் வேறொருவர் எடுத்திருப்பார். ஆனால் அன்றைய அவசரம் இன்றும் தொடரலாமா? தஞ்சைப் பெரிய கோவிலில் சோழர் ஓவியத்தின் மேலிருந்த நாயக்கர் ஓவியத்தைத் தொல்லியல் துறை உரித்தபோது, அதைக் கோவில் வளாகத்துக்குள்ளேயே வைத்தார்கள். சுவர் இருந்தால்தான் சித்திரம் என்ற பேச்சை அவர்கள் காப்பாற்றினார்கள். ஸ்பெயினிலும் சிஹேனா என்ற கிறித்தவத் துறவு மடத்தின் ஓவியங்களை பார்சிலோனா திருப்பித் தர வேண்டுமென்று 2025-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவை 1936-இல் மடம் எரிந்த பிறகு எடுத்துச் செல்லப்பட்டவை.

தாவுலில் இன்று என்ன செய்கிறார்கள்? 2013 முதல் ஒளிவீச்சால் பழைய ஓவியத்தை மாடத்தில் படரவிட்டுக் காட்டுகிறார்கள். பார்க்க வருகிறவர்கள் வாயடைத்துப் போகிறார்கள். ஆனால் விளக்கை அணைத்தால் மிஞ்சுவது சுவரும் சில துணுக்குகளும்தான்.

ஆகவே அன்பர்களே, தலைவர் அனுமதித்தால் ஒரு வேண்டுகோள். ஊர்ச் சித்திரம் ஊரிலேயே இருக்கட்டும். கோவிலோ மசூதியோ தேவாலயமோ, பழைய ஓவியம் இருக்கும் இடத்திலேயே காப்பகம் அமைத்து, அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கே பராமரிப்புப் பயிற்சி தர வேண்டும். இதற்கான மனு வாசலில் மேசைமேல் இருக்கிறது. கையெழுத்திட்டுப் போங்கள், உங்கள் ஊரில் எந்தச் சுவரில் பழைய வண்ணம் இருக்கிறதென்றும் பக்கத்தில் எழுதிவையுங்கள். நன்றி, வணக்கம்.