ஒரே கடிகாரம், இரண்டு உச்சிவேளை

நேயர்களுக்கு வணக்கம். டிசம்பர் மாதக் கடைசி, மாலை 5 மணி. குஜராத்தின் மேற்கு ஓரத்தில் துவாரகைக் கோயில் மதிய இடைவேளை முடிந்து நடை திறக்கிற நேரம் அது. சூரியன் கடலில் இறங்க இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கும். அசாமின் திப்ருகரிலோ 4.20 வாக்கிலேயே சூரியன் மறைந்து, 5 மணிக்கு நன்றாக இருட்டியிருக்கும்.

இரண்டு ஊருக்கும் கடிகாரம் ஒன்றுதான். மிர்சாபூர் அருகே செல்லும் 82½ பாகை தீர்க்கரேகையை வைத்துத்தான் இந்திய நேரம் கணக்கிடப்படுகிறது. சூரியன் ஒரு பாகையைக் கடக்க 4 நிமிடம். துவாரகை 69 பாகையில் இருப்பதால் 54 நிமிடம் பின்தங்குகிறது. 95-ஐ ஒட்டிய திப்ருகர் 50 நிமிடம் முந்துகிறது. எந்த ஊருக்கும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். பிப்ரவரியிலும் நவம்பரிலும் மட்டும் கால் மணி நேரம் முன்பின்னாகும்.

ஆக, துவாரகையில் சூரியன் உச்சிக்கு வருவது ஏறக்குறைய 12.54-க்கு. 1 மணி வாக்கில் நடை சாத்துகிறார்களே என்று வெளியூர்க்காரர்கள் குறைப்படுவதுண்டு. அந்த ஊருக்கு அதுதான் உச்சிவேளை. குளிர்காலத்தில் காலை 6.30 ஆரத்திக்குப் போகிறவர்கள் இருட்டில்தான் நடக்க வேண்டும். சூரியன் ஏழரையை ஒட்டித்தான் எழும்.

திப்ருகரில் ஜூன் மாதம் 4.20-க்குள் வெயில் வந்துவிடும். தேயிலைக் கொழுந்து பறிக்கிற ஊருக்கு அந்த விடியற்காலை முக்கியம். பறித்த கொழுந்து வெயிலில் குவிந்து கிடந்தால் சூடேறிச் சிவந்துவிடும். அப்புறம் தூளில் தரம் வராது. அதனால் வெள்ளைக்காரர் காலத்திலேயே தோட்டங்கள் தமக்கென ஒரு கடிகாரம் வைத்துக்கொண்டன. ‘பாகான் டைம்’ என்பார்கள், தோட்ட நேரம். இந்திய நேரத்தைவிட ஒரு மணி நேரம் அதிகம்.

குழப்பம் வருவதும் இங்கேதான். தோட்டத்தில் “8 மணிக்கு வாங்க” என்றால் உங்கள் கைக்கடிகாரத்தில் 7. ரயில், விமானம், வங்கி எல்லாம் இந்திய நேரம். ஆகவே எந்த நேரம் என்று கேட்டுவிட்டே ஒப்புக்கொள்ளுங்கள். கைபேசியில் பாகான் டைம் கிடையாது; உலகக் கடிகாரத்தில் யாங்கூனைச் சேர்த்தால் போதும், மியான்மர் நேரம் அதனுடன் அப்படியே பொருந்தும். டாக்காவைச் சேர்த்தால் அரை மணி நேரம் குறையும். கைபேசியின் மூல நேரத்தை மட்டும் மாற்றாதீர்கள். அலாரம் ஒரு மணி நேரம் முந்தி அடிக்கும்.

2018-ல் தேசிய இயற்பியல் ஆய்வக விஞ்ஞானிகள் வடகிழக்குக்கென ஒரு தனி நேரத்தை முன்மொழிந்தார்கள். அதுவும் இதே ஒரு மணி நேர வித்தியாசம்தான். ரயில்கள் நேரம் மாற்றிக்கொள்ள நியூ கூச்பிகார், அலிப்பூர்துவார் என நிலையங்களைக்கூடச் சொன்னார்கள். அது நடைமுறைக்கு வரவில்லை; தோட்டங்கள் எப்போதோ அந்த நேரத்துக்கு மாறிவிட்டன.