படித்ததை எழுதிவையுங்கள், கதை பிறந்த ஆண்டோடு

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, காலை முதல் நாற்காலி போட்டு, மின்விசிறி சரிபார்த்து, எல்லோருக்கும் குடிநீர் வைத்திருக்கிற நூலகர் அம்மா அவர்களே, வாசகர் வட்டத்தின் செயலாளர் அவர்களே, வேலை நாள் மாலையிலும் அலுவலகத்திலிருந்து நேரே வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அவர்களே, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, தாய்மார்களே, பள்ளிச் சீருடையோடு பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, அனைவருக்கும் என் மாலை வணக்கம். மாமன்ற உறுப்பினர் அவர்கள் இந்தக் கிளை நூலகத்தின் ஒழுகும் கூரையைச் சரிசெய்து கொடுத்ததைத் தலைவர் தம் உரையில் சொன்னார். அதற்காக இன்னொரு முறை கைதட்டலாம்.

நன்றி. எனக்குத் தந்த தலைப்பு, படித்த நூல்களுக்கும் சிறுகதைகளுக்கும் குறிப்பேடு வைப்பது. ஐந்து செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன். எந்த நோட்டு, என்னென்ன கட்டம், அகரவரிசை எப்படி, கணினியில் வைத்தால் என்ன கவனிக்க வேண்டும், பிள்ளைகளுக்கு எப்படிப் பழக்குவது.

நம் பாட்டிமார் சொன்ன வார்த்தை ஒன்று உண்டு: "ஆற்றில் போட்டாலும் அளந்து போடு." ஆற்றில் போடுவது திரும்பி வராது என்று தெரிந்தும் அளக்கச் சொன்னார்கள். ஒரு வாழ்நாளில் நாம் படிக்கும் கதைகளும் அப்படித்தான் போய்க்கொண்டிருக்கின்றன. ஐந்து வருடம் கழித்து, "ஒரு கதை படித்தேன், அதில் ஒரு வெற்றிலைச் செல்லம் வரும், யார் எழுதினார் என்று தெரியவில்லை" என்கிறோம். செல்லம் மட்டும் நினைவில் நிற்கிறது. எழுதியவர் போய்விட்டார்.

முதலில் நோட்டு. பெரிய அளவு, கோடு போட்ட, 200 பக்க நோட்டுகள் இரண்டு வாங்குங்கள். ஒன்று நூல்களுக்கு, ஒன்று சிறுகதைகளுக்கு. இரண்டையும் ஒரே நோட்டில் கலந்தால் ஒரு தொகுப்பைப் படித்து முடித்த நாளில் குழப்பம் வந்துவிடும். அதை ஒரு நூலாக எழுதுவதா, இருபது கதையாக எழுதுவதா? இரண்டுமாக எழுத வேண்டும். நூல் நோட்டில் ஒரே பதிவு, அதன் ஓரத்தில் "கதைகள் 112 முதல் 131 வரை" என்று ஒரு குறிப்பு. கதை நோட்டில் இருபது பதிவுகள்.

கதை நோட்டின் கடைசி 24 பக்கத்தை அகரவரிசைக்கு ஒதுக்கிவிடுங்கள். மீதி 176 பக்கம். எதிரெதிர்ப் பக்கம் இரண்டையும் சேர்த்து ஒரே அகலத் தாளாகக் கொள்ளுங்கள். ஒரு கதைக்கு மூன்று வரி, ஒரு விரிப்பில் எட்டுக் கதை. மொத்தம் 704 கதைகள். நாளுக்கு ஒரு கதை படிப்பவருக்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டு. மூன்று வரி எதற்கு என்றால், மூன்றாவது வரி மறுவாசிப்புக்கு. அதே கதையை மறுபடி படித்தால் புது எண் போடாதீர்கள். பழைய பதிவின் மூன்றாவது வரியில் புதுத் தேதியையும், இந்த முறை புதிதாகக் கண்ணில் பட்டதையும் எழுதுங்கள்.

பந்துமுனைப் பேனாவால் எழுதுங்கள். பல ஜெல் பேனாக்களின் மை தண்ணீர் பட்டால் ஓடிவிடும். 2015 டிசம்பர் வெள்ளத்தை நாம் யாரும் மறக்கவில்லை. தரைத்தளத்து அலமாரிகளில் நனைந்த காகிதத்தைக் காயவைத்து எடுத்தபோது பந்துமுனை எழுத்தைப் படிக்க முடிந்தது, மற்றது நீலக் கறையாக நின்றது. இராமபாணப் பூச்சிக்கு இரண்டு துண்டு வசம்பைத் துணியில் முடிந்து பக்கத்தில் வையுங்கள்.

இப்போது கட்டங்கள். இதற்கு முன் ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும். சென்னை மண்ணில் நின்று நூல் பட்டியலைப் பற்றிப் பேசும் எவரும் இதைச் சொல்லாமல் போக முடியாது.

சீர்காழியில் 1892-இல் பிறந்தவர் ஒரு கணித ஆசிரியர். மாநிலக் கல்லூரியில் பாடம் நடத்தினார். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகர் ஆனார். எஸ். ஆர். ரங்கநாதன். வகுப்பு நிறைய மாணவர்களைப் பார்த்துப் பழகியவருக்கு அந்த நூலகத்தின் தனிமை பிடிக்கவே இல்லை. ஒரு வாரம் போவதற்குள் கல்லூரிக்கே திரும்ப வந்துவிடுகிறேன் என்று முதல்வரிடம் போய் நின்றார். லண்டனுக்குப் போய் நூலகக் கலையைப் படித்துவிட்டு வாருங்கள், அதற்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். போனார். அங்கே நூலகம் நூலகமாக ஏறி இறங்கினார். நூல்களை அடுக்கும் முறைகளைப் பார்த்தார். எல்லாமே முன்கூட்டிச் செய்துவைத்த பெட்டிகள். புதிதாக ஒரு நூல் வந்தால் எந்தப் பெட்டியிலும் சரியாக உட்காராது. இதை மனத்தில் வைத்துக்கொண்டே செல்ஃப்ரிட்ஜஸ் என்கிற பெரிய கடைக்குள் நுழைகிறார். அங்கே விற்பனையாளர் ஒருவர் மெக்கானோ என்ற விளையாட்டுப் பொருளைப் பிரித்துக் காட்டிக்கொண்டிருக்கிறார். துளையிட்ட தகரப் பட்டைகள், சக்கரங்கள், திருகாணிகள். அவற்றைச் சேர்த்து ஒரு பொம்மை செய்கிறார், கழற்றுகிறார், அதே பட்டைகளை வேறு விதமாய் முடுக்கி வேறொரு பொம்மை செய்கிறார். கணித ஆசிரியர் அங்கேயே நின்றுவிட்டார். அவர் தேடிய விடை கடைப் பலகையில் இருந்தது. நூலை ஒரே பெட்டியில் அடைக்க வேண்டாம். மொழி ஒரு பட்டை, வடிவம் ஒரு பட்டை, காலம் ஒரு பட்டை. பட்டைகளை இணைக்கும் திருகாணியாக ஒரு முக்காற்புள்ளி, ஆங்கிலத்தில் கோலன்! 1933-இல் அதுவே கோலன் பகுப்பு முறையாக அச்சில் வந்தது. அந்த முறையில் இலக்கியத்துக்குள் தமிழுக்கு எண் 31, புனைகதைக்கு எண் 3. திரும்பி வந்த பிறகு கணித வகுப்புக்குப் போக வேண்டும் என்று அவர் கேட்கவில்லை.

இதை எதற்காக இவ்வளவு விரித்தேன்? நம்முடைய குறிப்பேடும் மெக்கானோவாக இருக்க வேண்டும். "அருமையான கதை, கண்கலங்கியது" என்று எழுதினால் அது வார்ப்பு பொம்மை, கழற்றி வேறொன்று செய்ய முடியாது. தனித்தனிப் பட்டையாக எழுதுங்கள். இடப்பக்கத்தில் வரிசை எண், படித்து முடித்த தேதி, கதைத் தலைப்பு, ஆசிரியர், மொழிபெயர்ப்பென்றால் மூலமொழியும் மொழிபெயர்த்தவரும். வலப்பக்கத்தில் எந்தத் தொகுப்பில் அல்லது இதழில் படித்தீர்கள், பதிப்பகம், பதிப்பு ஆண்டு, பக்கம், பிரதி சொந்தமா நூலகமா இரவலா, பிறகு இரண்டே வாக்கியக் குறிப்பு. அந்த இரண்டு வாக்கியத்தில் ஒரு பாத்திரத்தின் பெயரோ தொழிலோ, ஒரு பொருளோ, ஓர் இடமோ கட்டாயம் வர வேண்டும். நம் மூளை தலைப்பை விட்டுவிட்டு வெற்றிலைச் செல்லத்தைப் பிடித்துக்கொள்கிறது. பிறகு தேடுவதற்கு அதுதான் கைப்பிடி. பதிப்பு ஆண்டு இல்லாமல் பக்க எண் எழுதினால் பயனில்லை. மறு அச்சில் எழுத்தளவு மாறினால் எல்லாப் பக்கமும் நகர்ந்துவிடும்.

வரிசை எண்ணை ஜனவரி தோறும் ஒன்றிலிருந்து தொடங்காதீர்கள். தொடங்கினால் அகரவரிசையில் "37" என்று எழுதியிருப்பது எந்த வருடத்து 37 என்று தெரியாது. முடிக்காமல் விட்ட நூலுக்கு எண் தர வேண்டாம். நூல் நோட்டின் கடைசித் தாளில் பெயரையும், நிறுத்திய பக்கத்தையும், காரணத்தையும் எழுதினால் போதும்.

இந்தப் பழக்கம் பெரும்பாலும் எங்கே உடைகிறது தெரியுமா? தொடங்கும் நாளிலேயே. சிறுவயது முதல் படித்ததையெல்லாம் நினைவிலிருந்து எழுதிவிடலாம் என்று உட்காருவார்கள். நாற்பது பெயருக்கு மேல் வராது, தேதி ஒன்றும் தெரியாது, சலித்து நோட்டை மூடிவிடுவார்கள். பழையதை விட்டுவிடுங்கள். இன்று படித்ததே எண் 1. மாதக் கடைசியில் மொத்தமாக எழுதலாம் என்று தள்ளிவைப்பதும் ஆகாது. கதை முடித்த அன்றே, விளக்கை அணைக்கும் முன் எழுதுங்கள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு. போட்ட பிறகு அளக்க முடியாது.

அகரவரிசை. ஆசிரியர் பெயரின் எதிரே எண்கள் மட்டும். க, ச, ப, ம, ர, வ ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கம் விடுங்கள். உயிரெழுத்து அனைத்துக்கும் சேர்த்து நான்கு பக்கம் போதும். தலைப்பெழுத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள். கி. ராஜநாராயணன் 'ரா'வில்தான் வருவார். ஆனால் லா. ச. ராமாமிர்தத்தை எல்லோரும் லா.ச.ரா. என்றே சொல்வதால், 'லா'வில் "பார்க்க: ராமாமிர்தம்" என்று ஒரு வரி. இராமாமிர்தம் என்று ஒரு பதிப்பிலும் ராமாமிர்தம் என்று இன்னொன்றிலும் இருக்கும். ஒன்றை முடிவுசெய்து கடைசிவரை அதிலேயே நில்லுங்கள். புனைபெயரை அச்சில் இருக்கிறபடியே எழுதுங்கள். சொ. விருத்தாசலம் என்ற இயற்பெயரைத் தேடி எவரும் புதுமைப்பித்தனிடம் வருவதில்லை. ஒரே ஆசிரியர் ஒரே கருவை இரண்டு முறை எழுதியிருந்தால் தனித்தனி எண். அகலிகையை வைத்துப் புதுமைப்பித்தன் 'அகல்யை' என்றும் எழுதினார், 'சாப விமோசனம்' என்றும் எழுதினார். இரண்டையும் ஒன்றாக்கிவிட்டு இல்லாத ஒரு கதையைப் பற்றி வாதாடுபவர்கள் உண்டு.

நான் ஒரு கட்டத்தை வேண்டுமென்றே சொல்லாமல் வைத்திருந்தேன். வலப்பக்கத்தின் மிக முக்கியமான கட்டம்: கதை முதலில் வெளிவந்த இதழ், மாதம், ஆண்டு. நோட்டுப் போட்டு எழுதத் தொடங்கிய முதல் வாரத்திலேயே உங்களுக்குத் தெரிந்துவிடும், பத்துக் கதைக்கு அந்தக் கட்டத்தை நிரப்ப முயன்றால் பல வெற்றாகவே நிற்கும். தொகுப்பில் அச்சிட்டிருக்க மாட்டார்கள்!

அது ஏன் வேண்டும்? புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையின் தொடக்கத்தில், பிராட்வேயும் எஸ்பிளனேடும் சந்திக்கும் முனையில் ஒருவர் டிராமில் போவதா பஸ்ஸில் போவதா என்று காலணாக் கணக்குப் போட்டுக்கொண்டு நிற்கிறார். இன்று அதே முனையில் நின்று படிக்கும் பிள்ளைக்குச் சென்னையில் டிராம் எங்கே என்று திகைப்பு வரும். கட்டத்தில் "கலைமகள், 1943" என்று இருந்து, சென்னையில் டிராம் 1953-இல் நின்றது என்பதும் தெரிந்தால், காலணாவும் புரியும், போர்க்கால நகரமும் புரியும். ஆண்டு இல்லாத கதை வேரில்லாமல் மிதக்கிறது.

இது செய்ய முடியாத காரியம் இல்லை. வரலாற்று ஆய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி அவர்கள் புதுமைப்பித்தன் கதைகளைக் காலவரிசையில், முதல் வெளியீட்டு விவரத்தோடு பதிப்பித்துக் காட்டியிருக்கிறார். ஒரு பெரும் எழுத்தாளருக்கு இது நடந்தது. மற்ற நூற்றுக்கணக்கானவர்களுக்கு? பதிப்பாளர்களுக்கு ஒரு கதைக்கு ஒரு வரிதான் செலவு. இருபது கதைத் தொகுப்பென்றால் இருபது வரி, முழுசாக ஒரு பக்கம்கூட ஆகாது. நந்தனத்தில் புத்தகக் காட்சிக்குப் போனால் வழவழ அட்டைக்கு ஆகும் செலவைப் பார்க்கிறோம். அந்த ஒரு பக்கத்தை மட்டும் ஏன் மிச்சம் பிடிக்க வேண்டும்?

அவர்கள் போடும்வரை நாம் தேடுவோம். முதலில் முதற்பதிப்பு முன்னுரையைப் பாருங்கள், ஆசிரியரே இதழ்களின் பெயரைச் சொல்லி நன்றி கூறியிருப்பார். முதற்பதிப்பு ஆண்டு மட்டும் கிடைத்தால் "1958-க்கு முன்" என்பதுபோல் பென்சிலால் எழுதுங்கள். உறுதியானால் பேனா. வீடுகளில் வார இதழ்க் கதைகளைக் கிழித்து பைண்டு செய்து வைத்திருப்பார்கள், அட்டை போயிருக்கும், தேதி இருக்காது. பக்கத்தைத் திருப்பி விளம்பரத்தைப் பாருங்கள். "இன்று முதல்" என்று ஒரு திரைப்பட விளம்பரம் இருந்தால் அந்தப் படம் வெளியான நாள் உங்களுக்கு மாதத்தையே தந்துவிடும். பிறகு எழும்பூரில் 1896 முதல் இயங்கும் கன்னிமாரா நூலகம், தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற ஒரு தனிமனிதர் விளம்பரப் பலகை எழுதிய கையால் சேர்த்த காகிதங்கள்தான் இன்று அந்த நூலகமாக நிற்கின்றன. போகும்போது தலைப்பு, ஆசிரியர், உத்தேச ஆண்டு மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். வாயால் சொன்னால் அங்கே உள்ளவர்கள் எங்கிருந்து தேடுவார்கள்?

நேரம் ஆகிவிட்டதாகச் செயலாளர் சைகை காட்டுகிறார். கணினியைப் பற்றி இரண்டு வார்த்தை. ஒரு செய்திக்கு ஒரு நெடுவரிசையாக அட்டவணையில் இடுங்கள், யூனிகோடில் மட்டும் தட்டச்சு செய்யுங்கள். பழைய எழுத்துருக்களில் அடித்த பட்டியல்கள் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் கிறுக்கலாகத்தான் திறக்கின்றன. ஆண்டுக்கு ஒருமுறை தாளில் அச்செடுத்து வையுங்கள். பிள்ளைகளுக்கு எப்படிப் பழக்குவது என்பதைத் தலைமையாசிரியர் ஐயா என்னைவிட நன்றாகச் சொல்வார்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று சொன்னேன். பதிப்பாளர்களிடமும் அதையே கேட்கிறோம். "ஒவ்வொரு சிறுகதைத் தொகுப்பிலும், ஒவ்வொரு கதைக்கும் முதல் வெளியீட்டு இதழும் மாதமும் ஆண்டும் அச்சிடுக" என்ற வேண்டுகோள் வாசல் மேசையில் இருக்கிறது. கையெழுத்திட்டுவிட்டுப் போங்கள். எதிரே ஒரு கட்டம் காலியாக விட்டிருக்கிறது. ஆண்டு தெரியாமல் நீங்கள் தேடிக்கொண்டிருக்கும் ஒரு கதையின் பெயரை அதில் எழுதுங்கள். அடுத்த மாதம் கன்னிமாராவுக்குப் போகிறவர்கள் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போவார்கள். நன்றி, வணக்கம்.