இருநூறு பிரதிகள் மட்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

கியூபாவின் தலைநகர் ஹவானாவுக்குக் கிழக்கே சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில் மத்தான்சாஸ் என்ற துறைமுக நகரம் இருக்கிறது. அங்கே விஹியா சதுக்கத்தில், ஒரு பழைய வீட்டில், எழுத்தாளர்களும் ஓவியர்களும் கூடி உட்கார்ந்து கையால் புத்தகம் செய்கிறார்கள். கவிஞர் அல்ஃப்ரெதோ சல்தீவாரும் ஓவியர் ரோலாந்தோ எஸ்தேவெஸும் 1985இல் தொடங்கிய அமைப்பு இது. சதுக்கத்தின் பெயரையே அதற்குச் சூட்டினார்கள். அதன் சின்னம் ஓர் எண்ணெய் விளக்கு.

முதலில் அவர்கள் அச்சிட்டது புத்தகம் அல்ல, இலக்கியக் கூட்டத்துக்கான அழைப்பு. எனக்கு இது மிக முக்கியமாகப் படுகிறது. கூடிப் பேசும் வழக்கம் முதலில் வந்தது. புத்தகம் அதற்குள்ளிருந்துதான் பிறந்தது.

தொடக்க காலத்தில் கையில் இருந்தவை ஒரு தட்டச்சுப்பொறியும் சைக்ளோஸ்டைல் இயந்திரமும்தான். அந்த வேலையைச் செய்தவர்களுக்கு அதன் பாடு தெரியும். மெழுகு பூசிய ஸ்டென்சில் தாளில், ரிப்பனை விலக்கிவிட்டுத் தட்டச்சு செய்ய வேண்டும். எழுத்து விழுந்த இடத்தில் மெழுகு விலகும். அதன் வழியே மை இறங்கித் தாளில் பதியும். கொஞ்சம் ஓங்கித் தட்டிவிட்டால் வட்டமான எழுத்தின் நடுப்பகுதி கழன்று விழுந்துவிடும், அச்சில் கரும்பொட்டுதான் மிஞ்சும்.

அச்சான பிறகுதான் உண்மையான வேலை ஆரம்பிக்கும். மலிவான பழுப்புத் தாளில் படங்களுக்குக் கையால் வண்ணம் தீட்டுவார்கள். துணித்துண்டு, நூல், காய்ந்த இலை, மணல் என்று கிடைத்ததையெல்லாம் வெட்டி ஒட்டுவார்கள். ஒரு நூலுக்கு 200 பிரதிகள். அவற்றில் எந்த இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருப்பதில்லை.

1990களின் தொடக்கத்தில், கியூபா நம்பியிருந்த சோவியத் ஒன்றியம் தள்ளாடிக் கலைந்தபோது, அங்கே தாளுக்குக் கடும் பஞ்சம் வந்தது. சில தினசரிகளே வார இதழ்களாகச் சுருங்கின. பெரிய பதிப்பகங்கள் திணறிய அந்த ஆண்டுகளிலும் இவர்கள் நிற்கவில்லை. கழிவுப் பொருளில் புத்தகம் செய்யப் பழகியவர்களைப் பஞ்சம் என்ன செய்துவிடும்?

200 என்ற வரம்பை மேட்டிமை என்று சிலர் சொல்லக்கூடும். நான் அதை ஏற்கமாட்டேன். ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் சலிக்காமல், ஒவ்வொரு பிரதியையும் தொட்டுச் செய்து முடிக்கக்கூடிய அளவு அது. எண்ணிக்கையைக் கூட்டினால் இயந்திரத்தை நாட வேண்டிவரும். அப்புறம் அந்த மேசைக்கே வேலை இருக்காது. இன்று இந்தப் புத்தகங்களை வெளிநாட்டு நூலகங்கள் சேகரித்து வைத்திருக்கின்றன, மகிழ்ச்சிதான். ஆனால் அவற்றைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்க்கிறவர்கள், முதலில் அவை உள்ளூர்க் கவிஞர்களுக்காகவும் வாசகர்களுக்காகவும் செய்யப்பட்டவை என்பதை மறந்துவிடக் கூடாது.

நாட்டை விட்டுப் போனவர்களுக்கும் அந்த மேசையில் இடம் இருந்தது. சிறுமியாகக் கியூபாவிலிருந்து வெளியேறி, அமெரிக்காவில் மானுடவியலாளரான ரூத் பெஹாரின் கவிதைகளை 1995இல் இவர்கள் இருமொழி நூலாகச் செய்தார்கள். கியூபாவும் அமெரிக்காவும் முகம் கொடுத்துப் பேசாத காலம் அது.

வணக்கம்.