மறைவு வேறு, காப்பு வேறு

(வேலூரில், வங்கிக் காவலாளிகளாக வேலை பார்க்கும் முன்னாள் படைவீரர்களிடம் ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர் பேசியது)

எல்லோருக்கும் வணக்கம். கம்மவான்பேட்டையிலிருந்து பஸ் பிடித்து வந்தவர்கள் பலர் இருக்கிறீர்கள். ராணுவப்பேட்டை என்றே பெயரெடுத்த அந்த ஊர்க்காரர்களுக்குத் துப்பாக்கிப் பாடம் எடுப்பது திருநெல்வேலிக்கே அல்வா கொண்டுபோகிற கதைதான். ஆனால் பேங்க் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்த ஆறே மாதத்தில் பாதிப் பாடம் மறந்துபோகிறது. எனக்கும் மறந்தது.

ட்ரெயினிங்கில் உஸ்தாத், அதாவது பயிற்சி கொடுக்கிறவர், 'ஆட்' என்று கத்தினார். எனக்கு அப்போது இந்தி தெரியாது. ஆட்டை எங்கே போய்த் தேடுவது என்று திருதிருவென முழித்தேன். பக்கத்துப் பையன் என்னை இழுத்து ஒரு புதருக்குப் பின்னால் படுக்கப் போட்டான். அப்பாடா என்று இருந்தேன். நெல்லிக்காய் அளவு கல் ஒன்று இலைகளைத் துளைத்துக்கொண்டு வந்து ஹெல்மெட்டில் டங்கென்று விழுந்தது. எறிந்தவர் உஸ்தாத். கல்லையே நிறுத்தாத புதர் தோட்டாவை நிறுத்துமா? நஜரி ஆட், ஃபயர் ஆட் இரண்டும் வேறு என்று அன்றைக்குத்தான் மண்டையில் ஏறியது. கண்ணுக்கு மட்டும் மறைப்பது நஜரி ஆட், நம் பாஷையில் மறைவு; குண்டைத் தாங்குவது ஃபயர் ஆட், அதாவது காப்பு.

இப்போது உங்கள் பேங்குக்குள் வாருங்கள். கவுன்டர் பிளைவுட், மறைவு. கண்ணாடித் தடுப்பு அதுகூட இல்லை. இரும்பு பீரோ பார்க்கத்தான் கம்பீரம். தகடு மெல்லிசு, கைத்துப்பாக்கிக் குண்டே உள்ளே போய்விடும். கான்கிரீட் தூண் காப்பு. நாலரை அங்குலச் செங்கல் சுவர் ரைபிளுக்கு நிற்காது. ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் பட்டால் ஒன்பது அங்குலச் சுவரும் உடையும். பணவண்டியோடு போகிறவர்கள் சாதாரணக் கார் கதவை நம்பிக் குனியாதீர்கள். சினிமாவில்தான் கதவு குண்டைத் தாங்கும். எஞ்சின் இருக்கிற பக்கம் போய், முன் சக்கரத்துக்குப் பின்னால் உட்காருங்கள்.

உங்கள் கையில் இருப்பது இரட்டைக் குழல் 12-போர் துப்பாக்கி. இரண்டு குண்டு, அவ்வளவுதான். மறுபடி தோட்டா போடுகிற அந்த நேரத்துக்குத்தான் தூண் வேண்டும்.

இதற்கு நம் கோட்டையைவிட நல்ல வகுப்பறை இல்லை. 1806 ஜூலை 10, வேலூர்ச் சிப்பாய்ப் புரட்சி, விடியுமுன். 69வது ரெஜிமென்ட் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பாரக்கில் தூங்குகிறார்கள். ஜன்னல் வழியாகவும் கதவு வழியாகவும் சுடுகிறார்கள் நம்மவர்கள். உள்ளே கட்டிலும் மெத்தையும்தான், வெறும் மறைவு. தப்பித்தவர்கள் மதில் மேல் ஏறிக் கருங்கல்லை ஒட்டிக்கொண்டார்கள்; ஆற்காட்டிலிருந்து வெள்ளைக்காரத் தளபதி கில்லெஸ்பி குதிரைப் படையோடு வரும்வரை தாக்குப்பிடித்தார்கள். என் மனசு நம் சிப்பாய்கள் பக்கம்தான். ஆனாலும் பாடம் அந்தப் பக்கத்தில் இருக்கிறதே, என்ன செய்ய? கில்லெஸ்பியின் பீரங்கி மதிலை உடைக்கவில்லை. கோட்டைக் கதவைத்தான் பெயர்த்தது. அப்புறம் அரண்மனைக்குள் ஒளிந்திருந்த நம்மவர்கள் சுமார் நூறு பேரை வெளியே இழுத்துவந்து சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். ஒளிய இடம் கிடைத்தது, காப்பு கிடைக்கவில்லை.

காப்புக்குப் பின்னால் போனாலும் சுவரோடு முதுகை ஒட்டாதீர்கள். சுவரில் பட்ட குண்டு சுவரை ஒட்டியே வழுக்கிக்கொண்டு வரும். ஒரு கை தூரம் தள்ளி நில்லுங்கள். மேலே எட்டிப் பார்க்காமல் பக்கவாட்டில், தாழ்வாகப் பாருங்கள். எதிராளி நாலடி நகர்ந்தால் உங்கள் காப்பு காணாமல் போகும், அதையும் கணக்கில் வையுங்கள். வெறும் மறைவில் இருக்கிறீர்களா, அங்கிருந்து சுடவே சுடாதீர்கள். சுட்ட உடனே இருப்பிடம் தெரிந்துவிடும்.

சட்டம் பற்றி இரண்டே வார்த்தை. போலீஸ் உதவி பெற அவகாசம் இருந்தால் தற்காப்பு உரிமை கிடையாது, தேவைக்கு மேல் காயப்படுத்தவும் உரிமை இல்லை. பழைய ஐபிசி போய் 2024 ஜூலை முதல் நியாய சன்ஹிதா வந்தும் இது மாறவில்லை. தூணுக்குப் பின்னால் நிற்கிறவனுக்குத்தான் 112 அடிக்க அவகாசம் இருக்கும். வெளியில் நிற்கிறவன் பயத்தில் ட்ரிகரை இழுத்துவிட்டு, அப்புறம் கோர்ட்டுக்கு அலைவான்.

என்ன தம்பி, கை தூக்குகிறீர்கள்? நான் நிற்கிற இடமா? இந்த மைக் மேடை பிளைவுட். பின்னால் தொங்குவது துணி பேனர். இடது பக்கத் தூண் ஆறு தப்படி. உள்ளே வந்ததும் அதைத்தான் எண்ணினேன், அப்புறம்தான் காபி குடித்தேன்.